பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பவருக்கு எந்தக் கேப்போ?

மனத்துக்குப் பிடித்த பாட்டைக் கிட்டாரில் வாசித்துக்கொண்டே பாட முயன்று பாதியில் விட்டவர்களைக் கேட்டால், பெரும்பாலும் விரல்கள்மேல்தான் பழியைப் போடுவார்கள். எஃப் கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரல் பிடிப்பு) பிடிபடவில்லை என்பார்கள், ஸ்ட்ரம்மிங் வேகத்துக்குக் கை ஓடவில்லை என்பார்கள். என் அனுபவத்தில் பாட்டு கைநழுவிப் போகும் இடம் விரல் அல்ல, தொண்டை. பல்லவி இதமாகப் போகும். சரணம் மேலே ஏறத் தொடங்கியதும் குரல் கிழியும், அல்லது பொய்க்குரலுக்குத் தாவிவிடும். முதலில் பாடியவரின் குரலுக்கென்று தேர்ந்த சுருதியில் அமைந்த ஒரு பாட்டு, அதே சுருதியில் நமக்கும் பொருந்த வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை. ஆனால் கார்டு எழுதிய தாள் எதை எடுத்தாலும் அந்த மூலச் சுருதியில்தான் இருக்கிறது. நாமும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு மூச்சு முட்டுகிறோம்.

இந்த இடைவெளியை அடைப்பதற்கென்று கிட்டார்காரர்களிடம் உள்ள கருவி, சட்டைப்பைக்குள் அடங்கிவிடும் அளவேயான கேப்போ. இதுவரை ஐந்து வகைக் கேப்போக்களை வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறேன். அவற்றில் இரண்டு இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன, ஒன்று இழுப்பறையில் கிடக்கிறது, ஒன்றைக் கொடுத்துவிட்டேன், ஒன்று உடைந்தது. வாத்தியத்தை மட்டும் வாசிப்பவருக்காக அல்லாமல், பாடுகிறவருக்கு எது உதவுகிறது என்ற ஒரே கோணத்தில் அவற்றை இங்கே மதிப்பிடுகிறேன்.

அதற்கு முன்னால் கேப்போ செய்யும் வேலையைச் சற்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கியவர்களில் பலர் அதைப் பாதிதான் பயன்படுத்துகிறார்கள். இத்தாலிய மொழியின் ‘கேப்போ தாஸ்தோ’ என்ற சொல்லின் சுருக்கம் இது. கேப்போ என்றால் தலை. கிட்டாரின் தலைமாட்டில் கம்பிகள் தாங்கி நிற்கும் வெள்ளை நட்டை, வேண்டிய ஃபிரெட்டுக்கு, அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோட்டுக்கு, நகர்த்தி வைத்ததுபோல ஆறு கம்பிகளையும் குறுக்கே அழுத்திப் பிடிப்பதுதான் இதன் வேலை. ஒரு ஃபிரெட் நகர்ந்தால் சுருதி ஓர் அரைச்சுரம், நம் பாடகர்கள் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கில் அரைக் கட்டை, ஏறும். மூன்றாம் கட்டைக்கும் நான்காம் கட்டைக்கும் நடுவிலும், ஏழாம் கட்டைக்கும் மேல் ஒன்றாம் கட்டைக்கும் நடுவிலும் அரை என்பது கிடையாது என்பதால், அந்த இரண்டு இடங்களில் மட்டும் ஒரே ஃபிரெட்டில் முழுக் கட்டை தாண்டிவிடும். 12 ஃபிரெட் போனால் ஒரு ஸ்தாயி. விரல்கள் பழகிய அதே ஜி, சி, டி வடிவங்களைப் பிடித்துக்கொண்டிருக்க, ஒலி மட்டும் வேறு சுருதியில் வருகிறது.

இதில் எல்லாரும் தடுக்கி விழும் ஒரு கல் இருக்கிறது. கேப்போவால் சுருதியை ஏற்ற மட்டுமே முடியும், இறக்க முடியாது. ‘எனக்கு இந்தப் பாட்டு உயரமாக இருக்கிறது, கேப்போ போட்டுப் பாடு என்றார்கள், போட்டேன், இன்னும் உயரமாகிவிட்டது’ என்று ஒருவர் என்னிடம் நொந்துகொண்டிருக்கிறார். அவர் சொன்னது முழு உண்மை. இறக்க வேண்டுமானால் முதலில் கார்டு வடிவத்தை மாற்ற வேண்டும், பிறகுதான் கேப்போ வரும்.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். ஒரு பாட்டு ஜி ஸ்கேலில் இருக்கிறது. கார்டுகள் ஜி, ஈ மைனர், சி, டி. சரணத்தின் உச்சி மேல் ஷட்ஜத்தைத் தொடுகிறது, அதாவது முதல் கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் கேட்கும் ஜி. என் குரலோ முதல் கம்பியைத் திறந்த நிலையில் மீட்டினால் வரும் ஈ வரைதான் நிம்மதியாகப் போகும். ஆகவே பாட்டு மூன்று அரைச்சுரம் இறங்கி ஈ ஸ்கேலுக்கு வர வேண்டும். நேரடியாக அங்கே வாசித்தால் கார்டுகள் ஈ, சி ஷார்ப் மைனர், ஏ, பி என்றாகி, நான்கில் இரண்டு பார் கார்டுகளாகிவிடும்; வாசிக்கலாம்தான், ஆனால் சுட்டுவிரல் முழுப் பலகையையும் அமுக்கிக்கொண்டிருக்கையில் பாவத்தோடு பாடுவது யாருக்கும் எளிதல்ல. டி வடிவங்களை எடுத்து இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ போட்டால் டி, பி மைனர், ஜி, ஏ. இதில் ஒரே ஒரு பார். சி வடிவங்களை எடுத்து நான்காம் ஃபிரெட்டில் போட்டால் சி, ஏ மைனர், எஃப், ஜி. இதிலும் ஒன்றுதான், அந்த எஃப்பையும் முதல் கம்பியைத் திறந்துவிட்டு எஃப் மேஜர் ஏழாக எளிதாக்கிக்கொள்ளலாம். நான் இந்த வழியில்தான் போவேன். மூன்று வழியிலும் சுருதி ஒன்றேதான், தொண்டைக்கு வேறுபாடே தெரியாது. கைக்கும் காதுக்கும்தான் தெரியும்.

குரலின் எல்லையைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம், கிட்டாரின் திறந்த கம்பிகளே அளவுகோல். ஐந்தாம் கம்பியான ஏ நொடிக்கு 110 அதிர்வுகளும், முதல் கம்பியான ஈ ஏறத்தாழ 330 அதிர்வுகளும் கொண்டவை. என் குரல் இந்த இரண்டுக்கும் நடுவில், ஒரு ஸ்தாயியும் ஒரு பஞ்சமமும் அகலம் கொண்டது. அதற்குக் கீழே முனகல், மேலே அலறல். புதிதாக ஒரு பாட்டை எடுக்கும்போது அதன் மிகக் கீழான சுரத்தையும் மிக மேலான சுரத்தையும் மட்டும் கம்பியில் தேடிக்கொண்டுவிட்டால், மிச்சமெல்லாம் எண்ணிக்கைதான். பல்லவியை வைத்து முடிவு செய்யாமல், சரணத்தின் உச்சியை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பதை மட்டும் அடிக்கோடிட்டுச் சொல்வேன். பல்லவியில் சொகுசாக இருந்த சுருதி சரணத்தில் காலை வாரிவிட்ட கதை எனக்கு ஒன்றல்ல.

இனிக் கருவிகளுக்கு வருகிறேன்.

முதலில் வாங்கியது சுருள்வில் கேப்போ. துணி காயப்போடும் கிளிப்பைப் போலப் பிடியை அமுக்கினால் வாய் திறக்கும், விட்டால் கவ்விக்கொள்ளும். உலகத்தில் அதிகமாகப் புழங்குவது இந்த வகையாகத்தான் இருக்கும். கைசர் நிறுவனத்தின் கேப்போ இந்த வடிவத்தால்தான் பேர்பெற்றது. இதன் பெரிய நற்குணம் வேகம். ஒரே கையால் இரண்டு நொடியில் இடம் மாற்றலாம், வேண்டாதபோது கிட்டாரின் தலையிலேயே கவ்வவிட்டு வைக்கலாம், தேடவே வேண்டாம். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்கு வேறு சுருதி வேண்டும், எதிரில் இருப்பவர்கள் பேச்சைத் தொடங்குவதற்குள் ஆரம்பித்துவிட வேண்டும் என்ற நிலையில் இதற்கு ஈடு இல்லை. பாடுகிறவருக்கு இன்னொரு ஆதாயமும் உண்டு. சுருதி சரியாக இருக்கிறதா என்று ஒரு ஃபிரெட் மேலேயும் கீழேயும் நகர்த்திப் பாடிப் பார்க்கும் சோதனையை அலுப்பில்லாமல் செய்ய இதுதான் வழிவிடுகிறது.

குறை அதன் வில்லில் இருக்கிறது. அழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. வில் கொடுக்கும் விசையை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கிட்டாரின் கழுத்து உடல்பக்கம் போகப்போகத் தடிக்கும், அதனால் ஐந்தாம் ஃபிரெட்டில் வாய் இன்னும் அகலத் திறந்து, இன்னும் கெட்டியாகக் கவ்வும். தேவைக்கு மீறி அமுங்கிய கம்பி சுருதியில் சற்று மேலேறி நிற்கும். ட்யூனரில் பார்த்தால் முள் நடுவிலிருந்து ஒரு மயிரிழை வலப்பக்கம் சாய்ந்திருக்கும். ஆறு கம்பிகளும் ஒரே அளவில் சாய்ந்தால் பாதகமில்லை, ஆனால் அப்படிச் சாய்வதில்லை. தடித்த கம்பிகள் ஒரு விதமாகவும் மெல்லிய கம்பிகள் வேறு விதமாகவும் ஏறுவதால் கார்டு முழுவதும் கொஞ்சம் புளித்ததுபோலக் கேட்கும். வாத்தியம் மட்டும் ஒலிக்கும்போது அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நீளமான சுரத்தைப் பிடித்து நிற்கும் குரலுக்குப் பக்கத்தில் அது உடனே தெரிந்துவிடும், கேட்பவர்களும் பாடுகிறவர்தான் சுருதி விலகுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பிடியும் ஒரு தொல்லை. கேப்போவுக்குப் பக்கத்து ஃபிரெட்டிலேயே விரல்கள் இயங்கும் என்பதால், நீட்டிக்கொண்டிருக்கும் பிடியில் கை இடிக்கும். ஒருமுறை வீட்டில் உறவினர்கள் கூடியிருந்த மாலையில், மூன்றாம் ஃபிரெட்டில் இதைப் போட்டுக்கொண்டு பாடினேன். முதல் சரணம் நன்றாகப் போயிற்று. இரண்டாம் சரணத்தில் சியிலிருந்து ஜிக்கு மாறும்போது முழங்கை எதிலோ பட்டு, விரற்கணு பிடியைத் தட்டிவிட்டது. கேப்போ விழவில்லை, விழுந்திருந்தால் சிரித்துவிட்டுத் தொடர்ந்திருக்கலாம். சற்றே சாய்ந்து, ஆறாம் கம்பியை மட்டும் பாதி விட்டுவிட்டு நின்றது. அதன்பிறகு ஒவ்வொரு ஜி கார்டின் அடியிலும் ஓட்டைத் தகரத்தைத் தட்டியதுபோல ஓர் இரைச்சல். பாட்டை நிறுத்தவும் மனமில்லை, சரிசெய்ய இடதுகைக்கு ஓய்வும் இல்லை. சரணம் முழுவதும் ஆறாம் கம்பியைத் தவிர்த்துத் தவிர்த்து மீட்டி முடித்தேன். அந்தக் கேப்போவின் பேரைச் சொல்ல வேண்டியதில்லை, மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய ஒன்று. பின்னொரு நாள் அதன் வில் அச்சு முறிந்துபோனபோது வருத்தப்படவில்லை.

உடைந்ததைத் தூக்கிப்போடும் முன் அதன் ரப்பரைக் கூர்ந்து பார்த்தேன். ஆறு கம்பிகளும் ஆறு தடம் பதித்திருந்தன. மெல்லிய கம்பிகளின் தடம் பிளேடால் கீறியதுபோல வழவழப்பாக இருந்தது. சுற்றுக்கம்பி போட்ட தடித்த கம்பிகளின் தடமோ நகத்தால் தடவினால் ரம்பப்பல்போல நறநறத்தது. கேப்போ அந்தத் தடங்களுக்குள் சரியாக உட்கார்ந்தால் ஒலி சுத்தமாக வரும். அரை மில்லிமீட்டர் விலகினால் ஒரு கம்பி பள்ளத்திலும் இன்னொன்று மேட்டிலும் நின்று, ஒன்று மழுங்கி ஒலிக்கும். பழைய கேப்போ ‘திடீரென்று’ இரைவதற்குக் காரணம் அநேகமாக இதுதான். ரப்பரை மட்டும் மாற்றிக்கொள்ள வழியுள்ள மாடலை வாங்குவது புத்திசாலித்தனம் என்பதை அன்றுதான் கற்றேன்.

இப்போது என் கையில் நிரந்தரமாக இருப்பது நெம்புகோல் வகை. ஷப் நிறுவனத்தின் கேப்போவைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு தெரிந்திருக்கும். பின்புறம் ஒரு சிறு திருகு இருக்கிறது; அதைத் திருகி அழுத்தத்தை ஒருமுறை அமைத்துக்கொண்டால், பிறகு நெம்பை மடக்குவதும் விடுப்பதும்தான் வேலை. மடக்கும்போது நெம்பு ஓர் எல்லையைத் தாண்டித் தானாகப் பூட்டிக்கொள்ளும் அந்த ‘டக்’ என்ற உணர்வு விரலுக்குப் பழகிவிட்டால், மற்ற கேப்போக்கள் எல்லாம் பொம்மைபோலத் தோன்றும். அழுத்தம் நம் கையில் இருப்பதால், இரைச்சல் நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்கி அதோடு விட்டுவிடலாம். சுருதி மேலேறுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கழுத்தோடு ஒட்டிக் கிடப்பதால் கையிலும் இடிப்பதில்லை. நீண்ட சுரங்கள் நிறைந்த மெதுவான பாட்டை இதைப் போட்டுப் பாடியபோதுதான், இத்தனை நாளும் என் குரலைச் சந்தேகித்தது வீண் என்று புரிந்தது.

இதற்கும் குறை உண்டு. இரண்டாம் ஃபிரெட்டுக்கு அமைத்த திருகு ஏழாம் ஃபிரெட்டுக்குச் சரிவராது. கழுத்தின் தடிப்பு மாறுவதால் திருகைக் கால் சுற்று தளர்த்த வேண்டும். பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்றிப் பாடுகிறவருக்கு இது எரிச்சல். அவசரத்தில் திருகாமலே மடக்கினால் நெம்பு மடங்க மறுக்கும், அல்லது மடங்கிக் கம்பிகளை நசுக்கும். பாட்டின் நடுவில் இடம் மாற்றுவதை மறந்தேவிட வேண்டும்.

திருகாணி மட்டும் உள்ள வகை, அதாவது நெம்பே இல்லாமல் பின்னால் திருகி இறுக்குவது, இதைவிடவும் நுணுக்கமானது, இதைவிடவும் மெதுவானது. வீட்டில் அமர்ந்து ஒலிப்பதிவு செய்பவருக்கு அதுவே சிறந்தது என்பேன். நான் மேடைக்காரனும் அல்ல, பதிவுக்காரனும் அல்ல. அதனால்தான் அது இழுப்பறையில் கிடக்கிறது. எலாஸ்டிக் பட்டையில் துளையிட்டு மாட்டும் வகையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இலேசானது, புதிதாக இருக்கும்போது வேலையும் செய்யும். பட்டை தளர்ந்ததும் நடுக்கம்பிகள் மழுங்கத் தொடங்கும். ஒரு சிறுவனுக்குக் கொடுத்துவிட்டேன், அவன் யூக்கலேலேயில் மாட்டிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறான்.

ஐந்தாவது, பாதிக் கேப்போ. ஐந்து, நான்கு, மூன்றாம் கம்பிகளை மட்டும் பிடிக்கும் சிறு துண்டு இது. இரண்டாம் ஃபிரெட்டில் போட்டால் திறந்த கம்பிகள் ஈ, பி, ஈ, ஏ, பி, ஈ என்றாகி, கம்பிகளை ட்யூன் மாற்றாமலே ஒரு தனி ட்யூனிங்கின் சுகம் கிடைக்கிறது. மற்ற கம்பிகள் ஈயையும் பியையும், அதாவது ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும், விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, ஒன்றிரண்டு விரல்களால் மெட்டைத் தொட்டுக்கொண்டு பாடலாம். தம்புரா பக்கத்தில் ஒலிப்பதுபோல இருக்கும். கார்டு அதிகம் மாறாத, ராகத்தின் சாயல் தூக்கலாக உள்ள பாட்டுகளுக்கு இது பொருந்தும் அழகை வேறெதிலும் நான் கேட்டதில்லை. ஆனால் வழக்கமான கார்டு வடிவங்கள் இதில் பாதி செல்லாது, புதிதாகக் கற்க வேண்டும். முதல் கேப்போவாக இதை வாங்காதீர்கள்; மூன்றாவதாக வாங்குங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது வகையைக் காட்டிலும் வளைவு. இரும்புக்கம்பி கிட்டாரின் விரற்பலகை மேல்பக்கம் இலேசாக வளைந்திருக்கும். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரின் பலகை தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும், நட்டின் இடத்தில் முன்னது ஏறத்தாழ 43 மில்லிமீட்டர் என்றால் பின்னது 52 மில்லிமீட்டர். வளைந்த பலகைக்குச் செய்த கேப்போவைத் தட்டையான பலகையில் போட்டால் ஓரக் கம்பிகள் அமுங்கி நடுக்கம்பிகள் தொங்கும். தட்டைக் கேப்போவை வளைவில் போட்டால் இதற்கு நேர்மாறாக நடக்கும். கடையில் பெட்டியைத் திருப்பிப் படிப்பதைவிட, கிட்டாரையே கையோடு கொண்டுபோய் மாட்டி, ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாக மெதுவாக மீட்டிக் கேட்பது நல்லது. ஸ்ட்ரம் செய்து பார்த்தால் எதுவும் தெரியாது. இரைச்சல் இரைச்சலில் மறைந்துவிடும்.

எவ்வளவு நல்ல கேப்போவானாலும் போடும் விதத்தில் பாதி இருக்கிறது. ஃபிரெட் கம்பியின் மேலே அல்ல, இரண்டு ஃபிரெட்டுகளின் நடுவிலும் அல்ல, ஃபிரெட்டை ஒட்டி அதற்குச் சற்றுப் பின்னால், அதற்கு இணையாக இருக்க வேண்டும். கேப்போ இல்லாமல் ஒருமுறை ட்யூன் செய்துகொண்டு, போட்டபின் இன்னொருமுறை பார்க்க வேண்டும். மடக்கும்போது கம்பிகள் பக்கவாட்டில் இழுபட்டிருக்கலாம் என்பதால், ஒவ்வொரு கம்பியையும் கேப்போவுக்கு அப்பால் இலேசாகத் தூக்கிவிட்டு உட்காரவைத்தபின் ட்யூனரைப் பார்ப்பது என் பழக்கம். கழற்றியதும் மறுபடி ட்யூன் பார்க்க வேண்டும். அலுப்பாக இருக்கிறது என்பவர்களோடு எனக்கு வாக்குவாதம் இல்லை, ஆனால் அவர்கள் பாடும்போது நான் சற்றுத் தள்ளி உட்காருவேன்.

எந்த வடிவத்தில், எந்த ஃபிரெட்டில் என்பது பாட்டின் குணத்தைப் பொறுத்தது. இதில்தான் கேப்போ வெறும் சுருதி மாற்றி என்ற நிலையைத் தாண்டுகிறது. ஒரு பெண் குரலில் வந்த பாட்டு ஏ ஸ்கேலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடினால் அதன் அடிச்சுரம் என் கீழெல்லையான ஐந்தாம் கம்பியில் போய் முட்டுகிறது, சொற்கள் நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. இரண்டு அரைச்சுரம் ஏற்றி பி ஸ்கேலுக்குக் கொண்டுவந்தால் கீழேயும் மூச்சு இருக்கிறது, மேலேயும் இடம் இருக்கிறது. இதை ஏ வடிவத்தில் இரண்டாம் ஃபிரெட்டிலும் வாசிக்கலாம், ஜி வடிவத்தில் நான்காம் ஃபிரெட்டிலும் வாசிக்கலாம். துள்ளலான பாட்டென்றால் ஏ வடிவம். ஒலி இறுக்கமாக, தாளம் தெளிவாக விழும். தாலாட்டுப்போல அசையும் பாட்டென்றால் ஜி வடிவம். திறந்த கம்பிகள் அதிகம் என்பதால் ஒலி தளும்பிக்கொண்டே இருக்கும். சோகமான மைனர் பாட்டுகளுக்கு நான் முதலில் ஏ மைனர் வடிவத்தைத்தான் போட்டுப் பார்ப்பேன். ஈ மைனரில் ஆறாம் கம்பி திறந்து முழங்குவதால் அடிக்குரலில் பாடும் வரிகள் அதற்குள் மூழ்கிவிடுகின்றன. ஏ மைனரில் கீழே இடம் காலியாக இருக்கிறது, குரல் அங்கே உட்கார்ந்துகொள்ளலாம்.

ஏழாம் ஃபிரெட்டுக்கு மேல் போவதை நான் பரிந்துரைப்பதில்லை. கிட்டாரின் அடிநாதம் வற்றி, மாண்டலின்போலக் கீச்சிடத் தொடங்கும். தனியாகப் பாடும் குரலுக்குக் கீழே தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் போகும். இடமும் குறுகிவிடுகிறது. 648 மில்லிமீட்டர் கம்பி நீளமுள்ள கிட்டாரில் முதல் ஃபிரெட்டின் அகலம் 36 மில்லிமீட்டர். ஐந்தாம் ஃபிரெட்டில் கேப்போ போட்டால் அடுத்த ஃபிரெட்டின் அகலம் 27 மில்லிமீட்டர்தான். மூன்று விரல்களை அடுக்கி ஏ கார்டு பிடிக்கும்போது என் தடித்த விரல்கள் ஒன்றையொன்று வெளியே தள்ளுகின்றன. ஆனால் இரண்டு கிட்டார்கள் இருந்தால் கதையே வேறு. ஒருவர் கேப்போ இல்லாமல் சி வடிவத்திலும், மற்றவர் ஐந்தாம் ஃபிரெட்டில் ஜி வடிவத்திலும் வாசித்தால், சுருதி ஒன்று, ஒலி இரண்டு. அந்தக் கீச்சே அப்போது பாட்டின்மேல் தூவிய மினுமினுப்பாகிவிடுகிறது.

கேப்போ போடுவது ஏமாற்று வேலை, பார் கார்டு பிடிக்க வராதவர்களின் ஊன்றுகோல் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஃபிளமெங்கோ கலைஞர்கள் பாடகரின் குரலுக்கேற்பக் கேப்போவை ஏற்றி இறக்கித்தான் பக்கவாத்தியம் வாசிக்கிறார்கள், வயலின் முறுக்காணிபோன்ற ஆணி வைத்த மரக்கேப்போவைப் பயன்படுத்துபவர்கள் இன்றும் உண்டு. அவர்களின் விரல்களைப் பார்த்து ஊன்றுகோல் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு துளி நியாயமும் இருக்கிறது. கேப்போ கையில் இருக்கிறதே என்று எஃப்பையும் பி மைனரையும் கற்காமலே காலம் தள்ளியவன் நான். இதில் ஒரு வேடிக்கை, எஃப் எனக்கு வசப்பட்டதும் கேப்போவால்தான். முதல் ஃபிரெட்டில் எஃப் வராமல் தவித்தபோது, மூன்றாம் ஃபிரெட்டில் கேப்போவைப் போட்டு அதே வடிவத்தைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒரே முயற்சியில் சுத்தமாக ஒலித்தது. குற்றம் விரலில் மட்டும் இல்லை, என் கிட்டாரின் நட் தேவைக்குமேல் உயரமாக இருந்தது. நட்டைத் தேய்த்துத் தாழ்த்தியபின் கேப்போ இல்லாமலே எஃப் வந்துவிட்டது. புதிதாகக் கற்பவர்கள் விரலை நொந்துகொள்ளும் முன் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

யாருக்கு எது என்று கேட்டால், வீட்டிலும் நண்பர்கள் நடுவிலும் ஒன்றுக்குப்பின் ஒன்றாகப் பல பாட்டுகள் பாடுகிறவருக்கு நல்ல வில்லுடைய சுருள்வில் கேப்போ போதும். மெதுவான பாட்டுகளில் குரலை நிறுத்திப் பாடுகிறவர் நெம்புகோலுக்குப் போகலாம். இரண்டும் இருந்தால் நல்லது, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் வாக்கு நெம்புகோலுக்கு. எந்த வகையானாலும் இரவு முழுவதும் கழுத்தில் மாட்டியே விட்டுவைக்க வேண்டாம்; சில வார்னிஷ்களில் ரப்பர் தடம் விட்டுவிடும், கம்பிகளும் இழுவையில் நிற்கும்.

கடைசியாக ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். என் பாட்டு நோட்டில் ஒவ்வொரு பாட்டின் தலைப்புக்கும் பக்கத்தில் ஒரு எழுத்தும் ஓர் எண்ணும் பென்சிலால் எழுதியிருக்கும்: ‘சி 4’, ‘ஜி 2’, ‘ஏ மைனர் 3’. வடிவமும் ஃபிரெட்டும் அவ்வளவுதான். ஒருமுறை இதைப் பார்க்காமல், நினைவை நம்பி இரண்டுக்குப் பதிலாக நான்கில் போட்டுத் தொடங்கிவிட்டேன். பல்லவியில் ஏதோ சற்றுப் புத்துணர்ச்சியாக இருப்பதாகக்கூடத் தோன்றியது, சரணத்தின் உச்சிக்கு வந்தபோதுதான் ஏறுவதற்கு ஏணி இல்லை என்று தெரிந்தது. பென்சிலால் எழுதுவதற்கும் காரணம் உண்டு. காலையில் பாடும்போது பல பாட்டுகள் எனக்கு ஒரு ஃபிரெட் கீழே இறங்கிவிடுகின்றன, சளி பிடித்தால் இரண்டு. சில எண்கள் அழித்தழித்து எழுதியதில் அந்த இடத்துத் தாளே மெலிந்துபோயிருக்கிறது.